மேடைப் பேச்சில் வாக்கியத்தின் கடைசிச் சொல் காணாமல் போவது ஏன்?

தமிழாசிரியை, குடியாத்தம்:

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். தலைவர்களின் பிறந்த நாள்களையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்ட அளவில் நடத்தும் பேச்சுப் போட்டிகளுக்கு மாணவர்களைத் தயார் செய்வது பல ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறது. எங்கள் வகுப்பில் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளும், தெலுங்கு பேசும் பிள்ளைகளும், உருது பேசும் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருப்பதால், உச்சரிப்புப் பயிற்சி என்றாலே லகர, ளகர, ழகர வேறுபாட்டில்தான் பெரும்பகுதி நேரத்தைச் செலவிடுகிறோம். அதில் பிள்ளைகள் நன்றாகவே தேறிவிடுகிறார்கள்.

அண்மையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த விழாவில் என் மாணவி ஒருத்தி 1806 வேலூர்ப் புரட்சியைப் பற்றிப் பேசினாள். நான் மேடையருகே நிற்காமல் கடைசி வரிசையில் போய் அமர்ந்து கேட்டேன். ஒவ்வொரு வாக்கியமும் கணீரென்று தொடங்கியது; முடிவு மட்டும் காதுக்கு வந்து சேரவில்லை. 'சிப்பாய்கள் அந்தக் கட்டளையை' என்பது வரை ஐயமின்றிக் கேட்டது. அதன்பின் அவர்கள் அதை ஏற்றார்களா, எதிர்த்தார்களா என்பது வரலாறு தெரிந்தவர்களுக்கு மட்டுமே விளங்கியது. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், 'பாப்பா நல்லாத்தான் பேசுது, என்ன சொல்லுதுன்னுதான் புடிபடல' என்றார்.

குரலில் வளம் இருக்கிறது, மேடை அச்சம் இல்லை, ழகரமும் பிசகவில்லை. இவ்வளவும் இருந்தும் பின்வரிசைக்குப் பொருள் போய்ச் சேரவில்லை என்றால், பயிற்சியில் எது விடுபடுகிறது என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

வழக்கறிஞர், வாலாஜாபேட்டை:

மேடையில் தெளிவு என்பது எழுத்தொலியில்தான் தொடங்குகிறது என்பது என் உறுதியான கருத்து. நம் வட மாவட்டப் பேச்சில் பழம் 'பயம்' ஆகிவிடுகிறது. கிழவி 'கெய்வி' ஆகிவிடுகிறாள். நாவின் நுனி மேலே வளைந்து அண்ணத்தை வருடினால் ழகரம் என்றும், நாவின் விளிம்பு தடித்து மேற்பல்லின் அடியைப் பொருந்த, அண்ணத்தை ஒற்றினால் லகரம், வருடினால் ளகரம் என்றும் தொல்காப்பியப் பிறப்பியலே வகுத்து வைத்திருக்கிறது. இதைவிடத் தெளிவான பயிற்சிக் குறிப்பு இன்றுவரை எழுதப்படவில்லை. மாணவி தேறிவிட்டாள் என்று ஆசிரியை அவர்கள் கருதலாம். ஆனால் மேடையில் வேகம் கூடும்போது வீட்டுப் பழக்கம் திரும்பி வந்துவிடும். எனவே அந்தப் பயிற்சியையே இன்னும் அழுத்தமாகத் தொடர வேண்டும் என்பேன்.

மைக் செட்காரர், ஆற்காடு:

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். அப்பா காலத்திலிருந்து ஆற்காடு, ராணிப்பேட்டைப் பகுதியில் மைக் செட் தொழில் செய்து வருகிறோம். வழக்கறிஞர் ஐயா சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் மேடைக்குக் கீழே மிக்ஸர் அருகில் உட்கார்ந்து விதவிதமான பேச்சுகளைக் கேட்டுவரும் எனக்குத் தெரிந்தவரை, பின்வரிசைக்குச் சொல் போய்ச் சேராததற்குப் பாதிக் காரணம் கூடத்திலும் கருவியிலும் இருக்கிறது.

நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் தரை கிரானைட் அல்லது டைல்ஸ், சுவர் வழுவழுப்பான பெயின்ட், கூரை உயரம், திரைச்சீலை கிடையாது. ஒலியை உறிஞ்சிக்கொள்ள மனிதர்களைத் தவிர அங்கே எதுவும் இல்லாததால், ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் அதன்மேல் வந்து விழுகிறது. பேச்சில் உரக்கக் கேட்பது உயிரொலி. ஒரு சொல்லை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலி அதைவிட மிகவும் மெலிந்தது. எதிரொலிக்கும் கூடத்தில் முந்தைய உயிரொலி நீண்டு ஒலித்து, அடுத்து வரும் மெய்யொலியை மூடிவிடும். கத்தினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கத்தும்போது கூடுவது பெரும்பாலும் உயிரொலியின் கனம்தான். மெய்யொலி அதே அளவுக்குக் கூடுவதில்லை. ஆகவே கத்தக் கத்த முழக்கம் மிகுந்து சொல் மங்கிப் போகும். அப்படிப்பட்ட கூடத்தில் வேகத்தைக் குறைத்து, தொடருக்குத் தொடர் இடைவெளி விடுவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

குரலை எதிரொலிக்க வைக்கும் எக்கோ என்று ஒன்று மைக் செட்டில் இருக்கிறது. முந்தைய நாள் இன்னிசைக் கச்சேரிக்கு ஏற்றி வைத்ததை இறக்காமலேயே பேச்சாளரிடம் மைக்கைக் கொடுத்துவிடும் வழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. குரல் கம்பீரமாகக் கேட்பதால் பேச்சாளர்களும் அதை ரசிக்கிறார்கள். பேச்சு தொடங்கும் முன் எக்கோவை முழுவதும் இறக்கி, குரலின் கனத்தைக் கூட்டும் பேஸையும் குறைக்கும்படி தயங்காமல் கேளுங்கள். எந்த மைக் செட்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உங்கள் மாணவியின் சிக்கல் மைக்கைப் பிடிக்கும் முறையிலும் இருக்கக்கூடும். மேடையில் நாங்கள் கொடுக்கும் உருண்டைத் தலை மைக், நேர் முன்னாலிருந்து வரும் ஒலியைத்தான் நன்றாக வாங்கும். வாக்கியம் முடியப் போகும்போது பேச்சாளர் அடுத்த வரியைத் தேடித் தாளைப் பார்க்கக் குனிகிறார். அல்லது தலைவர் ரசிக்கிறாரா என்று பார்க்கப் பக்கவாட்டில் திரும்புகிறார். வாய் விலகிய அந்த நொடியில் சொன்ன சொல் மைக்குக்கு வருவதே இல்லை. வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரற்கடைத் தூரம் எப்போதும் இருக்கட்டும்; தலை திரும்பினால் மைக்கும் கூடவே திரும்பட்டும். வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் நாலா பக்க ஒலியும் உள்ளே போய் ஊளையிடத் தொடங்கிவிடும்.

தெருமுனைக் கூட்டமானால் வேறு கணக்கு. கூம்பு ஸ்பீக்கரைக் கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருப்போம். ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும் என்பதால், 70 மீட்டர் தள்ளி இருக்கும் கம்பத்தின் ஒலி ஐந்தில் ஒரு நொடி தாமதமாக வந்து சேரும். வேகமாகப் பேசுபவர் அதற்குள் அடுத்த அசைக்குப் போயிருப்பார். ஒரு கம்பத்தின் அருகே நிற்பவருக்கு இரண்டு அசையும் ஒன்றாகக் கேட்கும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி வேறு இருப்பதால், ஒன்பதரைக்கு மைக்கைப் பிடிக்கும் சிறப்புப் பேச்சாளர் எப்படி ஓடுவார் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

தமிழாசிரியை, குடியாத்தம்:

மிக்க நன்றி ஐயா. விழாவைப் படம்பிடித்த வீடியோவை மீண்டும் போட்டுப் பார்த்தேன். வாக்கியம் முடியும் இடங்களில் அவள் தலை தாழ்வது உண்மைதான். ஆனால் மைக்கே இல்லாத வகுப்பறையில் பேசச் சொன்னபோதும் கடைசிச் சொல் தேய்கிறது. அவளிடம் மட்டுமன்றி, ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளிடமும் இதைக் காண்கிறேன். எனவே கருவியைத் தாண்டியும் ஏதோ காரணம் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், திருப்பத்தூர்:

ஆசிரியை அவர்கள் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். காரணம் தமிழ் வாக்கியத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. நம் மொழியில் வினைமுற்று கடைசியில் வருகிறது. காலம், பால், எண், மரியாதை, உடன்பாடு, எதிர்மறை, வினா ஆகிய அனைத்தும் அந்தக் கடைசிச் சொல்லில், பல வேளைகளில் அதன் கடைசி அசையில், அடங்கிவிடுகின்றன. 'செய்தான், செய்தாள், செய்தார்' ஆகிய மூன்றையும் வேறுபடுத்துவது இறுதியில் நிற்கும் ஒரே ஒரு மெய். 'வருவார்' என்பதைக் கேள்வியாக்குவது கடைசியில் ஒட்டும் ஆகாரம். 'இருந்தது' என்பதும் 'இருந்ததில்லை' என்பதும் ஒரே மாதிரி தொடங்கி, முடியும்போதுதான் எதிரெதிர்த் திசையில் பிரிகின்றன.

மனிதக் குரலின் இயல்போ இதற்கு நேர்மாறானது. மூச்சு நிறைந்திருக்கும் தொடக்கத்தில் ஓங்கி ஒலித்து, மூச்சு தீரும் முடிவில் தாழ்ந்துவிடுகிறது. மொழி தன் பாரம் முழுவதையும் இறக்கி வைக்கும் இடமும், பேசுபவரின் மூச்சு வற்றும் இடமும் ஒன்றாகிவிடுவதே நம் சிக்கல். வினை முன்னே வந்துவிடும் ஆங்கிலத்தில் முடிவு சற்றுத் தேய்ந்தாலும் கேட்பவர் சமாளித்துக்கொள்வார். அம்மொழிக்காக எழுதப்பட்ட பேச்சுக்கலைக் குறிப்புகளைப் பெயர்த்து எழுதிக் கற்பிப்பதால்தான் இந்தச் செய்தி நம் பயிற்சி வகுப்புகளில் இடம்பெறாமலேயே போகிறது. நிமிடத்துக்கு 130 முதல் 150 சொற்கள் என்று அவர்கள் வகுக்கும் வேகக் கணக்கும் நமக்குப் பொருந்தாது. 'கட்டளையிட்டவர்களுக்கு' என்பது நமக்கு ஒரே சொல், அவர்களுக்கு நான்கைந்து சொல்.

மாணவியின் பொருளையே எடுத்துக்கொள்வோம். எழுத்தில் நாம் இப்படி அமைப்போம்:

'1806 ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று, சமயக் குறிகளை அணியக் கூடாது என்றும், தாடியை மழிக்க வேண்டும் என்றும், தோல் சின்னம் பொருத்திய புதிய தலைப்பாகையை அணிய வேண்டும் என்றும் கட்டளையிட்ட அதிகாரிகளை எதிர்த்து, வேலூர்க் கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் விடியுமுன்னரே ஆயுதம் ஏந்தினார்கள்.'

இலக்கணப்படி குற்றமில்லாத வாக்கியம். கண்ணால் படிப்பவர் வேண்டுமானால் பின்னோக்கிப் போய் மீண்டும் படித்துக்கொள்வார். காதால் கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. ஜோலார்பேட்டைப் பக்கத்து ரயில்வே கேட்டில் சரக்கு வண்டி கடப்பதற்காக நிற்பவரைப் போல், கடைசிப் பெட்டி போகும்வரை அவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கடைசிப் பெட்டிதான் 'ஏந்தினார்கள்'. அதுவும் காதில் விழவில்லை என்றால் காத்திருந்தது வீண். இதையே மேடைக்கு இவ்வாறு மாற்றலாம்:

'1806 ஜூலை 10. இன்னும் விடியவில்லை. வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் ஆயுதம் ஏந்தினார்கள். ஏன் ஏந்தினார்கள்? சமயக் குறி அணியக் கூடாது என்று கட்டளை வந்தது. தாடியை மழிக்க வேண்டும் என்று கட்டளை வந்தது. தோல் சின்னம் பொருத்திய தலைப்பாகையை அணிந்தே தீர வேண்டும் என்று கட்டளை வந்தது.'

வினை விரைவாக வந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். முக்கியமான வினை கேள்வி வடிவில் இரண்டாம் முறை வருவதால், முதன்முறை நழுவவிட்டவரும் பிடித்துக்கொள்கிறார். பயிற்சியில், கடைசிச் சொல்லுக்கு முந்தைய சொல்லோடு ஒரு சிறு கோடு போட்டு, அங்கே கால் மூச்சு எடுத்துக்கொண்டு வினைமுற்றை முழுக்குரலில் சொல்லப் பழக்குங்கள். உரக்கச் சொல்ல வேண்டியதில்லை. தாழாமல் சொன்னால் போதும்.

ஊராட்சிவாசி, அணைக்கட்டு:

பேராசிரியர் ஐயா கூறியது போட்டி மேடைக்கு மட்டும் உரியதன்று. எங்கள் ஊரில் அக்டோபர் 2 கிராம சபை ஒன்றில், வெளியிலிருந்து வந்த அலுவலர் ஒருவர் குடிநீர் இணைப்பு பற்றிய அறிவிப்பைப் படித்தார். 'பழைய இணைப்பு வைத்திருப்பவர்களிடம் கூடுதல் கட்டணம் வசூலிக்கப்பட மாட்டாது' என்பதுதான் அதில் இருந்த வாசகம். 'வசூலிக்கப்பட' என்பது வரை எல்லோருக்கும் கேட்டது. 'மாட்டாது' தாளுக்குள்ளேயே போய்விட்டது. மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண்கள் கொதித்துப்போய் எழுந்துவிட்டார்கள். அவர் மீண்டும் படித்தார், அதே குரலில், அதே வேகத்தில். மீண்டும் அதே இடத்தில் சொல் அமிழ்ந்தது. கடைசியில் ஊராட்சிச் செயலர் எழுந்து, 'கூடுதல் கட்டணம் கிடையாது. யாரும் கட்ட வேண்டாம்' என்று இரண்டே வாக்கியத்தில் சொன்ன பிறகுதான் கூட்டம் அமர்ந்தது.

இல்லை, கிடையாது, வேண்டாம், கூடாது என்பவை வரும் அறிவிப்பை எவ்வளவு சிறிய வாக்கியமாக்க முடியுமோ அவ்வளவு சிறிதாக்கி, அதையே முதலில் சொல்லிவிட வேண்டும் என்று நான் சொல்வேன். காரணமும் விதி எண்ணும் பிறகு வரட்டும். கட்டணம் உண்டா இல்லையா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர் அரசாணை எண்ணைக் கவனிக்கப் போவதில்லை.

பாரதப் பிரசங்க ரசிகர், செய்யாறு:

இவ்விழையில் சிறு மாறுபாட்டைப் பதிவு செய்ய விரும்புகிறேன். பேராசிரியர் அவர்கள் காட்டிய மாற்று வடிவம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பேச்சு முழுவதையும் அப்படித் துண்டு துண்டாக நறுக்கினால் அது செய்தி வாசிப்பாகிவிடும். சபை மயங்கி நிற்க வேண்டுமென்றால் ஓட்டமும் வேண்டும்.

மைக் வருவதற்கு முன்பே பெருங்கூட்டத்துக்குச் சொல்லைக் கொண்டு சேர்த்த கலைகள் நம் வட ஆற்காட்டில் இருந்திருக்கின்றன. திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் வைக்கும், அதாவது பாரதக் கதையை விழாவாக நடத்தும், ஊர்களில் பிற்பகலில் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நடப்பதை இப்பக்கத்தவர் அனைவரும் அறிவர். பிரசங்கத்தில் ஒருவர் பாட்டைப் பாடுவார். பிரசங்கியார் அதைப் பிரித்து, பதம் பதமாகச் சொல்லி, பிறகு கதையாக விரிப்பார். ஒரே செய்தி கூட்டத்தின் காதில் மூன்று வடிவத்தில் விழுகிறது. கூத்தில் வேடக்காரர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர்கள் திருப்பிப் பாடுகிறார்கள். அது இசைக்காக மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். அடியின் கடைசியில் அவருடைய மூச்சு தேய்ந்திருந்தாலும், நான்கு குரல்கள் சேர்ந்து அந்தக் கடைசிச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுகின்றன. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் குறுக்கே வந்து, 'அப்படீன்னா இன்னான்ற நீ?' என்று கேட்டு, ராஜா செந்தமிழில் சொன்னதைக் கொச்சைத் தமிழில் மறுபடி சொல்ல வைப்பான். சிரிப்பு வருகிறது, கூடவே பொருளும் உறைந்துவிடுகிறது.

ஆகவே நீண்ட வாக்கியத்தை விலக்க வேண்டும் என்பதில்லை. நீண்ட வாக்கியம் ஒன்றை முழு வேகத்தில் எடுத்துப் போய், முடிந்ததும் அதன் வினையை மட்டும் தனியாக எடுத்து ஒருமுறை சொல்லுங்கள்: '...விடியுமுன்னரே ஆயுதம் ஏந்தினார்கள். ஆம், ஆயுதம் ஏந்தினார்கள்.' ஓட்டமும் கெடாது; கடைசி வரிசையும் ஏமாறாது.

காங்கேயநல்லூர்க்காரர்:

காட்பாடியை அடுத்து, பாலாற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊர் கிருபானந்த வாரியார் சுவாமிகள் (1906–1993) பிறந்த ஊர். அவருடைய பதிவுகளைக் கேட்கும்போது இங்கே பேசப்படும் செய்திகள் எல்லாம் நினைவுக்கு வருகின்றன. திருப்புகழ் அடியை ராகத்தோடு பாடுவார், நிறுத்துவார், அதையே வெறும் சொல்லாகச் சொல்வார், அதன் பிறகுதான் பொருள் வரும். நடுவில் முன்வரிசைச் சிறுவர்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். சரியாகச் சொன்ன பிள்ளைக்கு ஒரு சிறு புத்தகம் பரிசாகக் கிடைக்கும். சிறுவன் சொன்ன விடையை அவர் மைக்கில் திருப்பிச் சொல்வதால், கேட்காமல் விட்ட பெரியவர்களும் கேட்டுக்கொள்வார்கள். என்னைக் கேட்டால், இது வெறும் வேடிக்கை அன்று. கூட்டம் தன்னோடு வந்துகொண்டிருக்கிறதா என்று நடுவழியில் சோதித்துப் பார்க்கும் உபாயம் அது. இன்றைய பேச்சாளர்களில் எத்தனை பேர் அப்படிச் சோதித்துப் பார்க்கிறார்கள்?

வழக்கறிஞர், வாலாஜாபேட்டை:

வினைமுற்றைப் பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். அதற்காக எழுத்தொலியைக் கீழே இறக்கிவிட வேண்டாம். எண்ணைச் சொல்லும்போது பாருங்கள்: 'எழுபது', 'எண்பது' என்ற இரண்டில் ழகரம் தேய்ந்தால் பின்வரிசைக்கு எது எதுவென்று தெரியாது. 'ஆயிரத்து எண்ணூற்று ஆறு' என்பதை மூச்சு விடாமல் சொன்னால் 'எழுநூறா, எண்ணூறா' என்று கூட்டம் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கும். இரட்டிக்கும் மெய்யும் அப்படியே. வேகத்தில் 'எட்டு' என்பது 'எடு' என்றாகிவிடுகிறது. பெயர்களும் அவ்வாறே. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்து புரட்சியை அடக்கிய கர்னல் கில்லெஸ்பியின் பெயரை மாணவர்கள் தடுமாறி விழுங்குவதைப் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். ஆண்டுக்கும் பெயருக்கும் முன்னும் பின்னும் சற்று நின்று, அவற்றை மட்டும் அசை அசையாகச் சொல்லப் பழக்கினால் நல்லது.

கல்லூரி மாணவர், காட்பாடி:

பெரியவர்கள் கூறுவதை மதிக்கிறேன். ஆனால் போட்டி மேடையில் நின்று பேசுபவன் என்ற முறையில் இரண்டு ஐயங்கள் உண்டு. கொடுக்கப்படுவது சில நிமிடங்கள்தான். அதில் கால் மூச்சு, அரை மூச்சு என்று நிறுத்திக்கொண்டிருந்தால் தயாரித்ததில் பாதியைக்கூடச் சொல்லி முடிக்க முடியாது. நடுவர்களும் மடை திறந்தாற்போல் பேசுபவருக்குத்தான் மதிப்பெண் போடுகிறார்கள் என்பது எங்கள் அனுபவம். இரண்டாவது, வீட்டில் 'வந்துகினு இருந்தேன்', 'சொல்லிகினு போனார்' என்று பேசும் நாங்கள், மேடையில் ஏறியதும் முற்றிலும் வேறு தமிழுக்கு மாற வேண்டியிருப்பதால், கவனம் முழுவதும் சொல்லைத் திருத்துவதிலேயே போய்விடுகிறது. அந்த நேரத்தில் மூச்சையும் முடிவையும் யார் கவனிப்பது?

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், திருப்பத்தூர்:

தம்பியின் முதல் ஐயத்துக்கு விடை தாளிலேயே இருக்கிறது. அவையோரை விளிப்பதைப் பாருங்கள். தலைவர், முன்னிலை வகிப்பவர், நடுவர் பெருமக்கள், ஆசிரியப் பெருமக்கள், மாணவச் செல்வங்கள் என்று அடைமொழியோடு ஒவ்வொருவரையும் அழைத்து முடிப்பதற்குள் அரை நிமிடம் போய்விடுகிறது. 'அவையோர் அனைவருக்கும் வணக்கம்' என்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. அடுத்து, ஒரே கருத்துக்கு மூன்று மேற்கோள்கள் அடுக்கியிருப்பீர்கள். ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டை எடுத்துவிடுங்கள். மூன்றில் ஒரு பங்கு குறைந்த தாளை நிதானமாகச் சொன்னால், முழுத் தாளை ஓடி முடித்தவரைவிட அதிகச் செய்தி அவையைச் சென்றடையும். நானும் நடுவராக அமர்ந்திருக்கிறேன். மடை திறந்த பேச்சுக்கு மதிப்பெண் விழுவது உண்மைதான். அது நடுவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருப்பதால் விழுகிறது. அவர்களைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டு மதிப்பெண் போடச் சொல்ல வேண்டும்.

வட்டார வழக்கைப் பற்றிக் கூச்சம் வேண்டாம். 'வந்துகினு' என்பதைக் கதைமாந்தர் பேச்சாக மேடையில் எடுத்தாளலாம்; அவை அதை விரும்பிக் கேட்கும். பேச்சின் முதுகெலும்பு மட்டும் பொதுத்தமிழில் இருந்தால் போதும். அதற்கும் பண்டிதத் தமிழ் தேவையில்லை. நாவுக்குப் பழகாத சொல்லை எழுதிக் கொடுத்துவிட்டுப் பிள்ளை தடுமாறுகிறது என்று குறை சொல்வதில் பயன் இல்லை.

குரல் பயிற்சியாளர், வேலூர்:

உடல் சார்ந்த சில செய்திகளைச் சேர்க்கிறேன். வாக்கிய முடிவில் குரல் தாழ்வதற்குக் காரணம் நுரையீரலில் காற்று முற்றிலும் தீர்ந்துவிடுவது அன்று. குரல்வளைக்குக் கீழே காற்றின் அழுத்தம் குறைந்துகொண்டே வருவதுதான். மேடையில் பிள்ளைகள் தோளைத் தூக்கி, நெஞ்சின் மேற்பகுதியால் அவசர மூச்சு எடுக்கிறார்கள்; அது சீக்கிரம் இறங்கிவிடும். விலாவின் கீழ்ப்பகுதியும் வயிறும் விரியும்படி மூச்செடுக்கப் பழக்கினால், முடிவு வரை அழுத்தம் தாங்கும். அதையும்விட எளிய வழி, பேராசிரியர் கூறியபடி, பொருள் பிரியும் இடத்தில் மூச்செடுப்பது. 'ஆயுதம்' என்று சொல்லி மூச்சு வாங்கினால் தவறில்லை. 'ஆயுதம் ஏந்தி' என்று சொல்லி வாங்கினால் சொல் உடைந்துவிடும்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்பு ஆண் பிள்ளைகளிடம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குரல்வளை வளர்ந்து குரல் உடையும் பருவத்தில் அவர்களை உச்சத் தொனியில் முழங்கச் சொல்லக் கூடாது; அவர்களுக்கு வசதியான தொனியிலேயே பேசட்டும். பேசுவதற்கு முன் அடிக்கடி செருமித் தொண்டையைச் சரிசெய்வது குரல்நாண்களை ஒன்றோடொன்று மோதவிடும் பழக்கம். ஒரு மிடறு தண்ணீர் குடிப்பது மேல். போட்டி முடிந்து வாரக்கணக்கில் குரல் கம்மியே இருந்தால் கைவைத்தியத்தோடு விட்டுவிடாமல் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

தமிழாசிரியை, குடியாத்தம்:

அனைவருக்கும் நன்றி. மாணவியின் தாளை உடைத்து எழுதினோம். ஒவ்வொரு வினைமுற்றுக்கு அடியிலும் சிவப்பு மையில் கோடிட்டோம். பள்ளி மைதானத்தின் ஒரு முனையில் அவளையும் மறு முனையில் இரண்டு சிறுமிகளையும் நிறுத்தி, அவள் சொல்லும் வாக்கியங்களின் கடைசிச் சொல்லை மட்டும் எழுதச் சொன்னேன். முதலில் பாதிக்கு மேல் வெற்றிடமாக இருந்தது. கோடிட்ட தாளை வைத்துக்கொண்டு மறுபடி சொன்னபோது, 'ஏந்தினார்கள்', 'மறுத்தார்கள்', 'ஏற்றினார்கள்' என்று வரிசையாக எழுதிக் காட்டினார்கள். 'அடக்கப்பட்டது' மட்டும் 'அடக்கப்பட்டு' என்று வந்திருந்தது. உருது பேசும் வீட்டுச் சிறுமிதான் அதிகம் பிழையில்லாமல் எழுதினாள் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

இறுதியாக ஓர் ஐயம். மனப்பாடம் செய்து பேசும்போது வேகம் தானாகவே கூடிவிடுகிறது. தாளை வைத்துப் பேசினால் ஆற்காட்டு ஐயா சொன்னபடி தலை குனிகிறது. போட்டியில் தாள் கூடாது. ஆனால் பள்ளி விழாவில் தாள் வைத்துக்கொள்ளலாம். எதைப் பழக்குவது?

மைக் செட்காரர், ஆற்காடு:

அம்மா, விழா மேடைக்குத் தாளே இருக்கட்டும். ஆனால் தாளைத் தயாரிக்கும் முறை ஒன்று இருக்கிறது. மெல்லிய தாள் மைக்கருகே சரசரக்கும். மின்விசிறிக் காற்றில் மடங்கும். கெட்டியான அட்டையில், பெரிய எழுத்தில், ஒரு பக்கம் மட்டும் எழுதச் சொல்லுங்கள். வாக்கியம் ஒரு அட்டையில் தொடங்கி அடுத்த அட்டையில் முடியவே கூடாது. அப்படி இருந்தால் அட்டையைப் புரட்டும் நேரத்தில் உங்கள் வினைமுற்று போய்விடும். பின் அடித்துச் சேர்க்காமல், மூலையில் எண் போட்டுத் தனித்தனியாக வைத்துக்கொள்ளட்டும். கையில் மைக்கும் அட்டையும் சேர்ந்தால் இரண்டில் ஒன்று இறங்கிவிடும் என்பதால், ஸ்டாண்ட் மைக் கேட்டு வாங்குங்கள். பெரியவர்கள் பேசிய உயரத்திலேயே அதை விட்டுவிட்டால் பிள்ளை அண்ணாந்து பேச வேண்டியிருக்கும்; மாணவியின் முறை எப்போது வரும் என்று முன்கூட்டியே மைக் செட்காரரிடம் சொல்லி வைத்தால், அவரே மேடையேறி அவள் வாய்க்கு நேராக இறக்கி, திருகை முடுக்கிக் கொடுத்துவிடுவார்.